பன்னிரண்டு மணிக்குள் ஒரு பேட்டரி

நாச்சிமுத்து பதினேழாவது முறையாகக் கார்ச் சாவியின் பட்டனை அமுக்கினார். வாசலில் நின்ற வெள்ளைக் கார் விளக்கைக்கூடச் சிமிட்டவில்லை.

காருக்குப் பக்கத்தில் போய் அமுக்கினார். கையைத் தலைக்கு மேலே தூக்கி அமுக்கினார். டயரை ஓர் உதை உதைத்துவிட்டு அமுக்கினார். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி கார் அப்படியே நின்றது.

"ரஞ்சனி! இந்தச் சாவிக்கு என்னாச்சு? நேத்து நீ பள்ளிக்கூடத்துல இருந்து வாறப்ப நல்லாத்தான இருந்துச்சு?"

அவர் மனைவி ரஞ்சனி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நல்லாத்தானுங்க மாமா பூட்டுனேன். உள்ள பேட்டரி போயிருக்குமோ என்னமோ."

மணி ஒன்பதரை. பத்தரைக்குக் கார் வாங்க ஆள் வருகிறார். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் பொங்கியண்ணன். ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிட்டால் பன்னிரண்டு மணிக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். பன்னிரண்டு அடித்துவிட்டால் புதன்கிழமை ராகுகாலம்; அப்புறம் மனுஷன் பேனாவைக்கூடத் தொடமாட்டார். மத்தியானம் திரும்பிப் போகிற வழியில் ராசிபுரத்தில் இன்னொரு காரும் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். ஆக, பன்னிரண்டுக்குள் முடிந்தால் முடிந்தது, இல்லையென்றால் கை நழுவிப் போனது.

இந்த வண்டி போனால்தான் அந்த வண்டி வரும். அந்த வண்டி என்றால் ஏழு பேர் உட்காரும் கறுப்பு வண்டி. நாச்சிமுத்துவின் சகலை தைப்பூசத்துக்கு அப்படி ஒன்றை வாங்கிவந்து இவர் வாசலிலேயே நிறுத்தி, "ஏறி ஒக்காந்து பாருங்க சகலை, உசரம் ஜாஸ்தி, பாத்து ஏறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் சரியில்லை.

ரஞ்சனிக்கு இதில் இஷ்டமே இல்லை. அவள் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்திரண்டு வயதில், பயந்து பயந்து, இந்தச் சின்ன வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது தினமும் அதில்தான் பள்ளிக்குப் போகிறாள். கூட வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு போகிறாள். "அத்தாம்பெரிய வண்டிய என்னால திருப்பவே முடியாதுங்க மாமா. இத வித்துப்போட்டா நான் மறுபடியும் பஸ்ஸுக்குத்தான் நிக்கோணும்" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நாச்சிமுத்து, "டிரைவர் போட்டுக்கலாம்" என்றார். நான்காவது தடவை அவள் ஒன்றுமே சொல்லவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று நாச்சிமுத்து எடுத்துக்கொண்டார். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பதும் வருகிறவருக்குக் காபி போடத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு சாவி இருக்குமே, அது எங்க?"

"அது தீபிகா பையோட கோயமுத்தூரு போயிருச்சுங்க. போன வாரம் காலேஜுக்குக் கெளம்புறப்ப உங்க மக தவறிப்போயி எடுத்துட்டுப் போயிட்டா."

"அப்ப பைக்க எடுத்துக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி ஒரு பேட்டரி வாங்கியாந்தர்றேன்."

"பைக்க நேத்துத்தானுங்க மெக்கானிக் வந்து சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போனாரு. சத்தம் வருதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் சொன்னது ஆடி மாதம். இது மாசி. ஆனாலும் சொன்னது சொன்னதுதான், மறுக்க முடியவில்லை.

"சரி, பட்டறைக்குப் போன் போடறேன். யாராச்சும் வாங்கியாரட்டும்."

நாச்சிமுத்து நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். போனை எடுத்தவரை ரஞ்சனி தடுத்தாள்.

"வேண்டாமுங்க மாமா. வெறுஞ் சேஸியோட வாற லாரிய முழு லாரியாக்கி அனுப்பறவரு நீங்க. ஒரு சாவிக்குப் பேட்டரி போட ஆள் கூப்புட்டீங்கன்னா பட்டறையில என்ன பேசுவாங்க? நம்மூட்டுலயே எத்தன மெஷினு இருக்குது, ஒண்ணுல பேட்டரி இல்லாமயா போயிரும்? உங்களால முடியாததா?"

நாச்சிமுத்து போனைக் கீழே வைத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் "உங்களால முடியாததா" என்ற வார்த்தையை ரஞ்சனி வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அவர் குழாயில் கை வைத்தாலும் மிக்ஸியில் கை வைத்தாலும், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை" என்றுதான் சொல்வாள். இன்றைக்குத்தான் புருஷனின் அருமை தெரிந்திருக்கிறது. நாச்சிமுத்துவின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

"அந்த ஸ்க்ரூ டிரைவர எடு" என்றார்.

சாப்பாட்டு மேஜைமேல் பேப்பரை விரித்துக் கடையை ஆரம்பித்தார். ஸ்க்ரூ டிரைவர் முக்கால் அடி நீளம், லாரிக் கதவின் கீலைக் கழற்றுவதற்காக வாங்கியது.

"போன்ல வீடியோ எதாச்சும் பாத்துக்கறீங்களா?" என்றாள் ரஞ்சனி.

"வீடியோ பாத்துப் பண்றது தொழில் தெரியாதவன் வேலை" என்று சொல்லிவிட்டு, சாவியின் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார்.

டப்பென்று திறந்தது. திறந்த வேகத்தில் மேல்மூடி டீவி ஸ்டாண்டுக்கு அடியில் போனது. பேட்டரி தரையில் உருண்டு சோபாக் காலில் முட்டி நின்றது. பட்டன்கள் இருந்த ரப்பர்த் துண்டு மேலே எழும்பி, மேஜையோரம் மூடாமல் இருந்த இட்லி மாவில் தொபுக்கென்று விழுந்து முழுகியது.

"தொறந்துட்டேன் பாத்தியா?" என்றார் நாச்சிமுத்து.

முதலில் பேட்டரியைத் தேடி எடுத்தார். ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக இருந்தது. புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"ரஞ்சனி, இங்க வந்து இதப் பாரேன்."

ரஞ்சனி அப்போதுதான் மாவுக்குள் முழங்கை வரை விட்டு ரப்பரைத் துழாவத் தொடங்கியிருந்தாள். "என்னங்க அது?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"பெருக்கல் குறி. கம்பெனிக்காரன் செக் பண்ணிப் பாஸ் போட்டிருக்கறான். நம்ம பட்டறையில வெல்டிங் சரியா இருந்தா நான் சாக்பீஸ்ல போடுவனில்ல, அதே குறி! இத்துனூண்டு பேட்டரியக்கூட ஒண்ணொண்ணா செக் பண்ணியிருக்கறான் பாரு. இதுதான் தொழிலு."

"அப்படித்தானுங்க இருக்கும்" என்றாள் ரஞ்சனி. ரப்பர் கிடைத்துவிட்டது. அவள் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோகப் பார்த்தாள்.

"தண்ணி படக் கூடாது! துருப் புடிச்சுரும்."

"ரப்பருங்களா?"

"உள்ள கம்பி இருக்கும். குடு இங்க."

மாடிப்படிக்கு அடியில் பெயின்ட் தின்னர் ஒரு பாட்டில் இருந்தது. பட்டறையில் எந்த அழுக்கு ஒட்டினாலும் தின்னர்தான். வெள்ளிக்கிழமைதோறும் பூஜையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பிய சாவி வேறு. எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்று ரப்பரைக் கிண்ணத்துத் தின்னரில் முக்கிவைத்தார். மாவு போனது. சந்தனம் போனது. பட்டன்மேல் அச்சடித்திருந்த பூட்டுப் படமும் போனது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தபோது ரப்பர், ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பிப்போயிருந்தது.

"இதுல எதுங்க தொறக்கறது, எதுங்க பூட்டறது?"

"மேல இருக்கறது தொறக்கறது. ஞாபகம் வெச்சுக்க."

"எதுங்க மேல?"

நாச்சிமுத்து ரப்பரை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு நேரமில்லை என்று முடிவுசெய்தார். உப்பிய ரப்பர் ஓட்டைக்குள் போகவில்லை. ஓரத்தைப் பிளேடால் சீவினார். இப்போது ஓட்டைக்குள் போனது, போன வழியே மறுபக்கம் வந்து விழுந்தது.

"அது கெடக்குது. பேட்டரிதான் முக்கியம்" என்றார்.

பேட்டரி, அவருடைய சர்க்கரை பார்க்கும் மெஷினிலிருந்து வந்தது. அதே வட்டம், அதே பளபளப்பு. ஆனால் தடிமன் கொஞ்சம் குறைச்சல். சாவிக்குள் வைத்தால் லொடலொடவென்று ஆடியது. லாரி ஒயரிங்கில் இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவர் அவர். மாத்திரை அட்டையிலிருந்து வெள்ளித் தகட்டைக் கிழித்து, மடித்து, இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து இறுக்கினார். மூடியைப் போட்டு அழுத்திக் கையில் எடுத்தார்.

சாவி சூடாக இருந்தது. அரை நிமிடத்தில் இன்னும் சூடானது.

"பவர் வருது பாத்தியா!" என்றார், சாவியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே.

ஓடிப்போய்க் காருக்கு நேராக நீட்டி அமுக்கினார். கார் அசையவில்லை. கைதான் சுட்டது. சாவியைக் கீழே போட்டார், அது மறுபடியும் திறந்துகொண்டது. சர்க்கரை மெஷின் பேட்டரியின் உயிரும் அத்தோடு போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பொங்கியண்ணன்தான்.

"ஏனுங்க நாச்சிமுத்து, புதுச்சத்திரம் தாண்டிட்டேனுங்க. இன்னும் கால் மணி நேரத்துல வந்தர்றேன். வண்டி ரெடியா இருக்குதுங்களா?"

"ரெடியாத் தொடச்சு நிறுத்தி வெச்சிருக்கறனுங்க. நீங்க மெதுவா வாங்க" என்றார் நாச்சிமுத்து. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கும்போது அவர் கண்ணில் ஒன்று பட்டது. சாவியின் வயிற்றுக்குள்ளிருந்து ஓர் இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். முழுச் சாவி ஒன்று வந்தது.

"சாவிக்குள்ள சாவி! ரஞ்சனி, கதவுல போடற நெசமான சாவி! நான் அப்பவே நெனச்சேன்."

ரஞ்சனி வாசல்படியில் நின்று மெல்லிய குரலில் சொன்னாள்: "அதப் போட்டுத் தொறந்தா ஏதாச்சும் ஆயிருமோ என்னமோங்க மாமா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"தெரியாதில்ல? அப்பச் சும்மா இரு."

கதவின் துவாரத்தில் சாவியைப் போட்டுத் திருப்பி, கதவை இழுத்தார். கதவு திறந்தது. நாச்சிமுத்து ரஞ்சனியைப் பார்த்து வெற்றியாகச் சிரிப்பதற்குள் கார் அலறத் தொடங்கியது.

அப்படி ஓர் அலறலை அந்தத் தெரு கேட்டதில்லை. நான்கு விளக்குகளும் அணைந்து அணைந்து எரிந்தன. ஹாரன் ஊரைக் கூட்டியது. தொண்டைத் தண்ணீர் வற்றும்வரை காரிடம் ஏதோ கத்திப் பார்த்தார் நாச்சிமுத்து. எதிர்வீட்டு ராசம்மாள் துவைத்த துணியோடு ஓடிவந்தாள்.

"ஏஞ்சாமி, உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்லீங்க, சும்மா செக் பண்றேன்!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

இனிமேல் ஒரே வழிதான். பானெட்டைத் திறந்தார், ஸ்பேனரை எடுத்தார், கார் பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிட்டார். அலறல் நின்றது. அந்த அமைதியில், வாசலில் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பொங்கியண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவசரமே தெரியாத மனுஷன். திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தார். நாச்சிமுத்துவின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். உள்ளே வந்து மேஜைமேல் பேப்பரில் பரப்பியிருந்த சாவியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தின்னர் கிண்ணத்தை எடுத்து மோந்துகூடப் பார்த்தார்.

"நான் மஞ்சளையே ஒடைச்சு, உள்ள நெறம் பாத்துட்டுத்தானுங்க எடுப்பேன்" என்றார் கடைசியில். "நீங்க எனக்கு மின்னாலயே ஒடைச்சு வெச்சுட்டீங்க."

"சர்வீஸுங்க. குடுக்கறப்பச் சுத்தமாக் குடுக்கோணுமில்லீங்களா?"

"அதுஞ் சரிதானுங்க. எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பாக்கலாம்."

"மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்கண்ணா. நாமகிரிப்பேட்டையில இருந்து வாறீங்க" என்று ரஞ்சனி இட்லித் தட்டோடு வந்தாள். அவர் இரண்டு போதும் என்றார், அவள் நான்கு வைத்தாள். சட்னி தீர்ந்ததும் சட்னி வைத்தாள், சட்னி மிஞ்சியதும் இட்லி வைத்தாள். அது எந்த மாவு என்று நினைத்துப் பார்த்த நாச்சிமுத்து தனக்கு வேண்டாம் என்றார். பொங்கியண்ணன் மாவில் ரப்பர் விழுந்த கதை எதுவும் தெரியாமல் ருசித்துச் சாப்பிட்டுக் காபியும் குடித்து எழுந்தபோது மணி பதினொன்றரை.

நாச்சிமுத்து ஒயரை மாட்டினார். கார் விட்ட இடத்திலிருந்து அலறியது. கழற்றினார். மறுபடி மாட்டினார். மறுபடி அலறியது.

"இது காருங்களா, ஆம்புலன்ஸுங்களா?" காதைப் பொத்திக்கொண்டு கேட்டார் பொங்கியண்ணன்.

"செக்யூரிட்டி ஸ்ட்ராங்குங்க! திருடன் கிட்டவே வர முடியாது!"

"வாங்கறவனும் வர முடியாது போலிருக்குதுங்களே."

பத்து நிமிடம் இன்னும் என்னென்னவோ நடந்தது; ஸ்டார்ட் பட்டனை எத்தனை முறை அமுக்கியும் கார் அலறியதே தவிர ஓடவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பொங்கியண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், வேட்டியை இறக்கிவிட்டார், கையைக் கூப்பினார்.

"நல்ல மனுஷனுங்க நீங்க. இட்லி நெம்ப நல்லா இருந்துச்சு. வண்டிக்கு வேற ஆளப் பாருங்க."

அவர் போன பிறகு நாச்சிமுத்து சோபாவில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தபடி இருந்தார். ஒரு மணி வரைக்கும் அவமானமாக இருந்தது. ஒரு மணிக்கு மேல் வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. அவருக்கு எந்தத் தோல்வியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தோல்வியாக இருந்ததில்லை.

"ரஞ்சனி, இங்க வா. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். வண்டிய விக்கறதில்ல."

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. "நெசமாவாங்க?"

"கேட்டியில்ல, என்ன அழுகை அழுதுச்சு! நம்மள உட்டுப் போக அதுக்கு மனசில்ல. சகலை பெரிய வண்டி வெச்சிருந்தா வெச்சுக்கட்டும். எம்பொண்டாட்டி ஓட்டிப் பழகுன வண்டிய நான் எதுக்கு விக்கோணும்? உனக்காகத்தான் சொல்றேன்."

ரஞ்சனி அவரைப் பார்த்தாள். சட்டென்று கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் சிரிக்கவும் செய்தாள். "போதுமுங்க மாமா. இது போதும்" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க நாச்சிமுத்துவுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இதை மூன்று தடவை சொன்னபோதே கேட்டிருக்கலாம் என்று ஒரு நிமிடம் உறுத்தியது. அப்புறம், தன்னைப்போல் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று நினைத்ததில் அந்த உறுத்தல் போய்விட்டது.

"இந்தச் சாவியக் கையோட சரி பண்ணிக்கிட்டு வந்தர்றேன்" என்று எழுந்தார்.

"நீங்க எதுக்குங்க வெயில்ல? சாயங்காலம் நானே போயிட்டு வாரேன். கடைக்காரத் தம்பி எனக்குத் தெரிஞ்சவருதான்."

"இத்தன செஞ்சவனுக்கு இதென்ன பெரிய வேலையா? நீ ரெஸ்ட் எடு."

ரஞ்சனி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சாவியின் துண்டுகள் எல்லாவற்றையும் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு முனையில் மதன், வாட்சும் செல்போனும் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தான். நாச்சிமுத்து டிபன் பாக்ஸைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். மதன் துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தான்.

"லாரி ஏறிருச்சுங்களாண்ணா?"

"சர்வீஸ் பண்ணேன் தம்பி. உள்ள போர்டு நல்லாத்தான் இருக்கும், மேக்கூடு மட்டும் மாத்தி, ஒரு பேட்டரி போட்டுக் குடு. பேட்டரி இந்தப் பழசு மாதிரியே கம்பெனிதா இருக்கோணும். இதப் பாரு, செக் பண்ணிப் பாஸ் போட்ட குறி. இந்தக் குறி இல்லாத பேட்டரி எனக்கு வேண்டாம்."

மதன் அந்தப் பேட்டரியை விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான். உள்ளே முப்பது நாற்பது வட்டப் பேட்டரிகள் கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் கறுப்பு மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"கம்பெனிக் குறி இல்லீங்கண்ணா, செத்த பேட்டரிக்கு நான் போடற குறி; நேத்துச் சாயங்காலம் டீச்சரக்கா வந்து, 'சுத்தமாச் செத்ததாப் பாத்து ஒண்ணு குடு தம்பி, ஒரு வண்டியக் காப்பாத்தோணும்'னு கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்களே, வண்டி தப்பிச்சுதுங்களா?"